ஆமை புகுந்த கார்

ஒரு வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் வாய்த்தால், ஒருவர் மாப்பிள்ளையாகவும் இன்னொருவர் எடுபிடியாகவும் ஆகிவிடுவது எப்படியோ நடந்துவிடுகிறது. இந்த வீட்டில் எடுபிடி, மெக்கானிக்.

மூத்த மகளின் கணவர் டிவியும் பிரிட்ஜும் விற்கிற பெரிய கடையில் மேனேஜர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமனார் எழுந்துவிடுவார். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, ஃபேனைக் கூட்டட்டுமா மாப்பிள்ளை" என்று அவர் பங்குக்கு வாக்கியத்துக்கு ஒரு மாப்பிள்ளை விழும். பின்னாலேயே இளையவளின் கணவன் மெக்கானிக் வருவான். அவனைப் பார்த்தால், "என்னப்பா, கதவைச் சாத்திட்டு வா" என்பார். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அவன் 'என்னப்பா'தான். மாமியார் வாய் நிறைய மாப்பிள்ளை என்பாள். எதிர்வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மாமனார் வாயிலிருந்து மட்டும் அந்தச் சொல் அவனுக்கென்று ஒரு தடவை வந்ததில்லை. அது வேண்டுமென்று அவன் யாரிடமும் கேட்டதும் இல்லை. ஆனால் மூத்தவருக்கு அது தாராளமாக விழும்போதெல்லாம், அவன் கை சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருக்கும்.

மாமனாரிடம் கேட்டால் நியாயம் வைத்திருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு ஓய்வெடுக்கிறார் என்றாலும் தெருவில் இன்னும் அவர் பெயர் மாஸ்டர். அந்த ஸ்கூல் வண்டிகளுக்குப் பிரேக் பார்க்க வந்தவன்தான் இந்த மெக்கானிக். பிரேக்கைப் பார்த்தான், கிளட்ச்சைப் பார்த்தான், ஆபீஸில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் இளைய மகளையும் பார்த்தான். "பின்னாடி என்ன வருதுன்னு கண்ணாடியில பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். என் முதுகுக்குப் பின்னாடி நடந்ததை நான் பாக்கலையே" என்று மாஸ்டர் அப்போது புலம்பியதாகக் கேள்வி.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மாஸ்டரின் கார் பெட்ரோல் பங்க்கில் படுத்துவிட்டது. பெட்ரோல் போட்டு முடித்து, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். பின்னால் வரிசை நீண்டது. வரிசையில் நின்றவர்களில் பலர் மாஸ்டரிடம் படித்தவர்கள். குருபக்தியோடு இறங்கி வந்து காரைத் தள்ளினார்கள். தள்ளியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மாஸ்டர், கிளட்ச்சை மெதுவா விடுங்க. அவசரப்படக் கூடாது. நீங்கதானே சொல்லுவீங்க" என்று ஒருவன் ஜன்னல் வழியாகப் பாடமும் நடத்திவிட்டான். மாஸ்டர் வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருந்தது. மெக்கானிக் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினான். ஒயரையெல்லாம் சுத்தம் செய்து, ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்துக் கொடுத்தான். சாவியைத் தொட்டால் போதும், இன்ஜின் பிடித்துக்கொண்டது. அன்றைக்காவது அந்தச் சொல் வருமென்று சாவியை நீட்டிக்கொண்டு நின்றான். "சரிப்பா" என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது.

இன்ஜின் படம் போட்ட விளக்கு அது. வண்டியிலிருந்து கெட்ட புகையோ பெட்ரோல் ஆவியோ வெளியே போய்க் காற்றைக் கெடுக்கிறது என்று வண்டிக்குச் சந்தேகம் வந்தால் எரியும். இன்ஜின் படம் என்பது வரைந்தவனின் நம்பிக்கை. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்து, "இது ஆமையில்ல?" என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் கண்ணுக்கும் அது இன்ஜினாகத் தெரியவில்லை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க" என்றாள் மாமியார். "காருக்குள்ளயே புகுந்துருச்சே."

"புகுந்துச்சா, புகுத்திட்டாங்களா?" என்றார் மாமனார், மெக்கானிக்கைப் பார்க்காமல்.

வண்டித் தொழிலில் இப்படி ஒரு சாபம் உண்டு. ஒரு வண்டியில் கை வைத்துவிட்டால், அப்புறம் அதில் எது கெட்டாலும் கை வைத்தவன் தலையில்தான் விடியும். வைப்பர் மாற்றிக் கொடுத்தால், "நீ வைப்பர் மாத்தினதுலேர்ந்து ரேடியோ கரகரங்குது" என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். காக்கையின் பேச்சை யார் கேட்கிறார்கள்? மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். டேங்க் பக்கம் பெட்ரோல் ஆவி கசிகிறது, ஓட்டை பெரியது என்றது ஸ்கேனர். ஸ்டார்ட்டர் மோட்டார் முன்னால், டேங்க் பின்னால். இரண்டுக்கும் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. அதைச் சொன்னான்.

"ரெண்டும் ஒரே வண்டியிலதானேப்பா இருக்கு" என்றார் மாமனார்.

இந்தக் கோளாறுக்கு முதல் சந்தேகம் எப்போதும் பெட்ரோல் டேங்க் மூடிமேல்தான். சரியாக முறுக்காவிட்டால் ஆவி கசியும். மெக்கானிக் வாயைத் திறந்தான். "மாமா, பெட்ரோல் போடும்போது மூடியை டிக் டிக்னு சத்தம் வர்ற வரைக்கும் மூடுறாங்களான்னு பாக்கிறீங்களா? அப்புறம் இன்ஜினை—"

"யாருகிட்டப்பா கேக்கிற?"

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டான். டிரைவிங் ஸ்கூல் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்த விதிகள் அவனுக்கு மனப்பாடம். முதல் விதியே 'பெட்ரோல் போடும்போது இன்ஜினை நிறுத்து' என்பதுதான். அதை மறந்த ஒரு புது மாப்பிள்ளையை, பக்கத்தில் புதுப்பெண் உட்கார்ந்திருக்க, மாஸ்டர் பங்க்கிலேயே இறக்கிவிட்டு நடந்து வரச் சொன்ன கதை ஊருக்கே தெரியும். அவரிடம் போய் இதைக் கேட்டது மீனுக்கு நீச்சல் தெரியுமா என்று விசாரித்தது போலாகிவிட்டது.

அதனால் மனிதரை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்தான். மூடியை மாற்றினான். விளக்கை ஸ்கேனரில் அழித்தான். சில நாளில் ஆமை திரும்பி வந்தது. டேங்க்கிலிருந்து போகிற ரப்பர் குழாய்களை மாற்றினான். ஆமை போனது, வந்தது. இரவெல்லாம் யோசித்து ஆவியை உறிஞ்சுகிற வால்வையும் மாற்றினான். ஆமை பிறந்த வீட்டுக்குப் போய் வருகிற மாதிரி போய்விட்டு, தெம்பாகத் திரும்பி வந்தது.

கடைசியில் புகை மெஷினைக் கொண்டுவந்தான். குழாய்களுக்குள் வெள்ளைப் புகையை ஊதினால், ஓட்டை இருக்கிற இடத்தில் புகை தலையை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். காரைத் தன் ஷெட்டுக்கு எடுத்துப் போகக் கேட்டான். மாமனார் விடவில்லை. "இங்கயே பாரு, என் கண் முன்னாடி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். புகை உள்ளே முழுக்கப் பரவட்டும் என்று டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மெக்கானிக் காருக்கு அடியில் படுத்தான். பின்பக்கம் புகை குபுகுபுவென்று கிளம்பியது. அந்த நேரம் பார்த்து மாமியார் கடையிலிருந்து வந்தாள். மருமகன் கால் மட்டும் காருக்கு அடியில் தெரிகிறது, மேலே புகை மண்டுகிறது. எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். ஒரு வாளியில் திருப்தி இல்லாமல் இன்னொரு வாளியும் ஊற்றினாள். சத்தம் கேட்டு மாமனார் இடுப்பில் துண்டோடு ஓடிவந்தபோது, சொட்டச் சொட்ட நனைந்த மெக்கானிக், "ஓட்டையே இல்ல மாமா" என்று சொல்லிக்கொண்டு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். பார்க்க ஆமை மாதிரியே இருந்தான்.

இதில் இன்னொரு கூத்து, மூத்தவர். அவர் ஒரு சின்ன பிளக்கும் அதற்கான ஆப்பும் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டினார். போனை உயரப் பிடித்துக்கொண்டு, "சகலை, நீங்க ஸ்பேனரால தட்டுறது எல்லாம் பழைய காலம். இப்ப எல்லாமே சாஃப்ட்வேர்தான்" என்றார். அவர் வீட்டு டிவி ஓடாதபோது மண்டையில் தட்டுவது அவரேதான் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். ஆனால் சகலைக்குச் சகலை எதிர்ப்பேச்சு பேசினால் அது பெண்டாட்டிகள்வரை போகும். அவன் ஸ்பேனரைத் துடைத்தான். மூத்தவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். "அப்டேட் ஆயிடுச்சு" என்றார். எது அப்டேட் ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாமியார் போன் செய்தாள். "ஆமை போயிருச்சு மாப்பிள்ளை. சுத்தமா போயிருச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சந்தோஷமா சாப்பிட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாசலில் காரைச் சுற்றி நின்றார்கள். மாமனார் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நான் அன்னைக்கே சொன்னேன்ல மாமா, சாஃப்ட்வேர்தான்னு" என்றார் மூத்தவர். மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. "வால்வுதான் மாமா காரணம். நான் மாத்துனது இப்பத்தான் செட் ஆயிருக்கு" என்று அவனும் எடுத்துவிட்டான். வால்வு என்ன, தயிரா செட் ஆவதற்கு? அவனுக்கே அது தெரியும். ஆனாலும் மாமனாரின் பார்வை மூத்தவரிடமிருந்து தன் பக்கம் மெல்லத் திரும்புவதைக் கண்டதும் அவனுக்கு நாக்கு நிற்கவில்லை. அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அவன் ஆசையோடு காருக்குள் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கச் சாவியைத் திருப்பினான்.

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் பிடிப்பதற்கு முன், டேஷ்போர்டில் உள்ள எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணையும். பேட்டரி விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு எரிந்தது. ஆமை மட்டும் எரியவில்லை. எரியவே எரியாத விளக்கு நல்ல விளக்கு இல்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். குனிந்து, நகத்தால் சுரண்டினான். விரல்நுனி அளவு கறுப்பு டேப் உரிந்து வந்தது. உள்ளே ஆமை சௌக்கியமாக எரிந்துகொண்டிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நான்தான் ஒட்டினேன். ஞாயித்துக்கிழமையாவது மாமனாரும் மாப்பிள்ளையும் சண்டை போடாம சாப்பிடுவீங்கன்னு பாத்தேன். மாப்பிள்ளை மறந்து வச்சிட்டுப் போன டேப்புதான்."

"மறைக்கிறதுக்கும் உன் டேப்புதானாப்பா" என்றார் மாமனார். அவர் தெளிவெல்லாம் போய்விட்டிருந்தது. "இனிமே இதை வளத்துக்கிட்டு இருக்க முடியாது. அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள போகலைன்னா, மூத்த மாப்பிள்ளை சொல்ற கம்பெனிக்கே வண்டியைக் குடுத்துர்றேன். உங்க ஃப்ரெண்டு அங்க இருக்காருன்னு சொன்னீங்கல்ல மாப்பிள்ளை?"

"நம்ம ஆளுதான் மாமா. ஒரு போன் போதும்" என்றார் மூத்தவர்.

அன்று சாப்பாட்டில் என்ன கறி என்பதுகூட மெக்கானிக்கின் நினைவில் இல்லை. மாமனார் வண்டி அவன் கையை விட்டுப் போய்விட்டால், அந்தச் சொல்லும் அதோடு போய்விடும். மாமனார் வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே காரியம் அந்தக் கார்தான்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் மல்லாந்து கிடந்தவனிடம் அவன் மனைவி கேட்டாள். "வண்டில எல்லாத்தையும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. ஓட்டை இல்ல. ஆனா ஓட்டைன்னு சொல்லுது."

"ஓட்டுறவரைப் பாத்தீங்களா?"

"உங்கப்பாவையா? அவருக்கு என்னடி குறை?"

"நான் அவரு பொண்ணு. நான் சொல்ல மாட்டேன். நீங்களே ஒரு நாள் பக்கத்துல உக்காந்து போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலையில் மெக்கானிக் மாமனார் வீட்டுக்கு வெள்ளெனப் போனான். ஸ்கேனரில் ஆமையை அழித்தான். "மாமா, இன்னைக்கு நீங்க எப்பவும் போற மாதிரி போங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வர்றேன். சத்தம் ஏதாவது வருதான்னு கேக்கணும்" என்றான்.

மாமனார் ஓட்டுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கண்ணாடியைப் பார்த்தார், தோளுக்கு மேல் பார்த்தார், சிக்னல் போட்டார், யாருமில்லாத தெருவில் யாருக்கோ வழிவிட்டார். பெட்டிக்கடைக்காரர் ஒருவர் கடையிலிருந்தே எழுந்து நின்று கும்பிட்டார். "சீட் பெல்ட்டை முறுக்காம போடுப்பா" என்று மெக்கானிக்குக்கும் ஒரு பாடம் விழுந்தது. அடுத்த முக்கில் பெட்ரோல் பங்க். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் போட்டுக்குவேன்" என்றபடி உள்ளே திருப்பினார். கொஞ்சம் எதற்கு, நிறைத்துக்கொண்டால் என்ன என்று மெக்கானிக் கேட்க நினைத்தான்.

கார் நின்றது. மாமனார் ஹேண்ட்பிரேக் போட்டார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

காரைப் பற்றி எதுவும் தெரியாதவனை அந்த ரேடியோ ஏமாற்றியிருக்கும். மெக்கானிக்குக்குக் காது உள்ளங்காலில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பெட்ரோல் இறங்கியது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண் மெக்கானிக்கைப் பார்த்து, 'நான் என்ன செய்ய, எனக்கும் இவர்தான் மாஸ்டர்' என்கிற மாதிரி கண்ணை உருட்டினாள். மாமனார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருப்பான், அப்படி இருந்தார்.

மெக்கானிக்குக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்த மாதிரி வண்டி, காலையில் கிளப்பிய கொஞ்ச நேரத்துக்குள் தன் டேங்க்கைத் தானே உறிஞ்சிப் பார்த்து, எங்காவது ஆவி கசிகிறதா என்று சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இன்ஜின் ஓட, மூடி திறந்து கிடந்தால், 'அடேயப்பா, எவ்வளவு பெரிய ஓட்டை' என்று அது நினைத்துக்கொள்ளும். வண்டிமேல் தப்பே இல்லை. குழாய்மேலும் இல்லை, வால்வுமேலும் இல்லை. பங்க்கைத் தாண்டித் திரும்பியதும், சொல்லிவைத்த மாதிரி ஆமை எரிந்தது.

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்தான். மதியம் மூத்தவர் முன்னால் இதைப் போட்டு உடைக்கப் போகிற காட்சியும் மனதில் ஓடியது. ஆனால் அவர் ஏன் இன்ஜினை நிறுத்தவில்லை என்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நிறுத்தினால் திரும்பப் பிடிக்காதோ என்ற பயம். வரிசையில் நிற்கிறவர்கள் இறங்கி வந்து தள்ளுவார்களோ என்ற பயம். கொஞ்சமாகப் போடுவதும் யாரும் கவனிப்பதற்குள் கிளம்பிவிடத்தான். அதாவது அவன் பார்த்துப் பார்த்துப் பொருத்திக் கொடுத்த ஸ்டார்ட்டரை அவர் நம்பவில்லை. இத்தனை வாரமாக அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது அவன்மேல் உள்ள அவநம்பிக்கையில்தான். மெக்கானிக்குக்கு அது நெஞ்சில் உறைத்தது. வீடு வருகிறவரை ரேடியோவை யாரும் அணைக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மூத்தவர் போனை எடுத்தார். "அப்ப நம்ம ஆளுக்குச் சொல்லிரட்டுமா மாமா? என்ன சகலை, கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை போதும். மூத்தவர் வாயில் விழுந்தால் அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அந்தப் புது மாப்பிள்ளை உட்பட, மாஸ்டரிடம் திட்டு வாங்கிய அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்த மாதிரி. மெக்கானிக் வாயைத் திறந்தான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றான். "என் தப்புதான். ஒரு குழாயை நான்தான் சரியா மாட்டாம விட்டிருக்கேன். காலையில சரிபண்ணிட்டேன். இனிமே வராது."

மூத்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா மாமா. நான் அன்னைக்கே நினைச்சேன். சின்னக் குழாய். ஒரு சின்னக் குழாய்க்கா இவ்ளோ நாள்? பெரிய கம்பெனியில இப்படி நடக்குமா?" என்று ஆரம்பித்து, தன் கடையில் எப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்ப்பார்கள் என்பதுவரை போனார். மெக்கானிக் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். மனைவி அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

மாமனார் சட்டென்று எழுந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். "எல்லாரும் வண்டில ஏறுங்க" என்றார்.

"எங்கங்க?" என்றாள் மாமியார்.

"ஏறுன்னா ஏறு."

மூத்தவர் முன்சீட்டில் ஏறினார். அது எப்போதும் அவர் இடம். பின்சீட்டில் மாமியாரும் இரண்டு மகள்களும் மெக்கானிக்கும் அடைந்தார்கள். மெக்கானிக்கின் பாதி உடம்பு கதவில் இருந்தது. மாமியாரின் முழங்கை அவன் விலாவில் இருந்தது. "ஆமை எரியுதே" என்றாள் மூத்தவள், எட்டிப் பார்த்து. மாமனார் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, பங்க்குக்குள் திருப்பினார்.

பங்க்கில் மதியக் கூட்டம். பின்னால் இரண்டு கார், ஒரு வேன், அதற்குப் பின்னால் எல் போர்டு மாட்டிய வேறு ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி. அந்தப் பெண் ஓடிவந்தாள். "மாஸ்டர், காலையிலதானே போட்டீங்க?"

"கொள்ற வரைக்கும் போடும்மா" என்றார் மாமனார். பிறகு ஹேண்ட்பிரேக் போட்டார். ரேடியோவைத் தொடவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். அந்தப் பெண் குழாயைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் அசையாமல் நின்றாள்.

பெட்ரோல் இறங்கி முடிந்தது. மூடியை மூடினாள். பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான். மாமனார் சாவியில் கை வைத்தார், திருப்பவில்லை. பின்சீட்டிலிருந்து மெக்கானிக் அந்தக் கையையே பார்த்தான். நட்டை இரண்டு தரம் முறுக்கினோமா, மூன்று தரமா என்று அவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வேன்காரன் இன்னொரு தடவை அடித்தான். எல் போர்டு வண்டியிலிருந்து ஒருவன், தள்ளத் தயாராகவோ என்னவோ, கதவைத் திறந்து காலை வெளியே வைத்தான்.

மாமனார் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஒரே திருப்பு. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழாயும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "அன்னைக்கு நின்னுபோனதுலேர்ந்து நான் இங்க இன்ஜினை நிறுத்துறதே இல்ல. அதுதான் ஆமை. நான்தான் பயந்தேன்."

மூத்தவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உங்களைத் தெரியாதா எனக்கு" என்று மாமியார் முணுமுணுத்தாள்.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"சொல்லுங்க மாமா" என்றார் மூத்தவர், பழக்கதோஷத்தில்.

"உங்களைச் சொல்லலை. பின்னாடி உக்காந்திருக்கிற மாப்பிள்ளையைச் சொன்னேன்."

மாமியாரின் முழங்கை மெக்கானிக்கின் விலாவை விட்டு விலகியது. மனைவி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "மாமா" என்றான், எப்படியோ.

"அந்த மூடியைச் சரியா மூடியிருக்கான்னு கொஞ்சம் இறங்கிப் பாருங்க மாப்பிள்ளை. நீங்க பாத்தா எனக்கு நிம்மதி."

மெக்கானிக் கதவைத் திறந்துகொண்டு ஏறக்குறைய விழுந்தே இறங்கினான். வேன்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அடித்தான். மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. ஆனாலும் அவன் அதைத் திறக்காமலே, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிக் டிக்கென்று சத்தம் வருகிறவரை நிதானமாக மறுபடி முறுக்கினான்.